தண்ணீர் கப்பலில் வரும் தீவு

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பேத்தி கவிதா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் குடத்தண்டை போய் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தாள். நின்றபடியே, மூச்சு விடாமல். நான்காவது தம்ளர் மொள்ளும்போதுதான் நான் பார்த்தேன்.

வெயிலில் வந்த பிள்ளை தண்ணீர் குடிப்பது ஒரு சேதியா என்று கேட்பீர்கள். எனக்குச் சேதிதான். இன்னும் பத்து நாளில் என் மகன் தாமோதரனுக்கு ஆறாம் வருஷத் திதி வருகிறது. அவன் எப்படிப் போனான் என்று நம் ஊர் நூம்பலில் இருக்கிற உங்களுக்கு எழுதிய கடிதத்தில் நெஞ்சுவலி என்று போட்டிருந்தோம். அது பொய். அப்படி எழுது என்று சொன்னவள் நான். எழுதியவன், இங்கே தாமோதரனோடு வேலை பார்த்த ஏழுமலை. அவன் இப்போது அம்பத்தூரில்தான் இருக்கிறான். இத்தனை நாளாக அவனும் வாய் திறக்கவில்லை என்று தெரிகிறது. அவன் மேல் குற்றம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஊருக்கு வந்தபோது என் தங்கை மகன், "பெரிம்மா, நீ கீற தீவு எப்டி இருக்கும்னு எழுதிக் குடு, நம்ம பூந்தமல்லி பக்கத்து ஜனங்க படிக்கட்டும், நான் புஸ்தகத்துல போட்றேன்" என்றான். எனக்கு எழுத்துக் கூட்டி எழுதவே அரை நாள் ஆகும். சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது எழுதுகிறேன். தீவைப் பற்றிச் சொன்னால் என் மகனைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டும் வேறு வேறு இல்லை.

2

நாட்டின் பெயர் நவூரு. தேசப்படத்தில் தேடினால் கிடைக்காது. என் பேத்தியின் பள்ளிக்கூடத்துப் படத்தில் பார்த்தேன், ஈ உட்கார்ந்துவிட்டுப் போன அளவுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைச் சுற்றிக் கைகொள்ளாத நீலம்.

இது ஒரு தனி நாடு. தனிக் கொடி, தனி ராஜாங்கம், தனி விமானம் எல்லாம் உண்டு. ஆனால் மோட்டாரில் ஏறிக் கிளம்பினால், பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகிற நேரத்தில் நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்துவிடலாம். ரோடு ஒன்றுதான். வட்டமாகப் போகும். வந்த புதிதில் ஏழுமலை என்னிடம், "யம்மா, இந்த ஊர்ல வழி தவறிப்புட்டோம்னு எவனும் சொல்ல முடியாது, நடந்துகினே இருந்தா ஊடு தானா வந்துடும்" என்றான். விமானம் இறங்குகிற நேரம் ரோட்டில் போகிற வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நம் ஊரில் ரயில் கேட்டு போடுவதுபோல.

ஆறு கிடையாது, ஏரி கிடையாது, குளம் என்று சொல்ல நடுவில் ஒரே ஒரு குட்டை. அதைச் சுற்றித் தென்னையும் வாழையும் கொஞ்சம் நிற்கும். மற்றபடி பச்சை என்பது கடலோரமாக ஒரு முழம்தான். அந்த ஒரு முழத்தில்தான் ஜனங்கள் இருக்கிறார்கள். உள்ளே போனால் பயமாக இருக்கும். வெள்ளைப் பாறைகள் ஆள் உயரத்துக்கு, பல் பல்லாக நிற்கும். முன்னே அந்தப் பல்லுக்கு இடையில் எல்லாம் மண் இருந்ததாம். மண் என்றால் வெறும் மண் இல்லை, உரம். பறவைகள் எந்தக் காலத்திலோ போட்ட எச்சம் என்கிறார்கள். அதைத் தோண்டித் தோண்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மண்ணை விற்றுப் பெரிய பணக்கார நாடு ஆகிவிட்டது. மண் போனதும் பல் மட்டும் நிற்கிறது.

இதைப் பார்த்த அன்று எனக்கு ஒன்று தோன்றியது. செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே நடவுக்குப் போகிற பெண்களில் முதல் முனையில் நிற்பவள் நான். நான் குனிந்தால்தான் மற்றவர்கள் குனிவார்கள். அந்த வயல்களில் கூடை கூடையாக மணி உரம் இறைத்தவளும் நான்தான். அந்த உரத்தில் இந்த ஊர் மண்ணும் ஒரு பிடி கலந்திருக்கலாம் என்று தாமு சொன்னான். நம் ஊருக்கும் கப்பல் போகிறதாம். யாரோ ஒருவர் வீட்டுத் தரையைப் பெயர்த்து வந்து நம் வயலில் கொட்டியது தெரியாமல் நாம் பயிர் வைத்திருக்கிறோம்.

உரத்தின் மேலேயே குடியிருக்கிறோமே என்று நானும் ஒரு தகரத்தில் அந்தப் பொடியை நிரப்பிக் கீரை விதைத்துப் பார்த்தேன். முளைக்கவில்லை. பக்குவம் செய்யாத கல்லில் எந்த விதையும் வேர் விடாது என்று பிறகு சொன்னார்கள்.

இந்த ஊர் ஜனங்கள் நல்லவர்கள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. மண்ணை விற்ற பணம் வீட்டுக்கு வரும், வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் இருக்கிறார்கள். மோட்டார் கெட்டுப்போனால் ரோட்டோரம் விட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். துருப்பிடித்த வண்டிகளில் கோழி அடை காக்கும். சோறு, டப்பாக் கறி, கலர் சோடா டப்பா, இதுதான் சாப்பாடு. அதனால் வீட்டுக்கு வீடு சர்க்கரை வியாதி. நாற்பது வயசில் காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு வளைந்து வேலை செய்யாதவர்களுக்கு வருகிற வியாதி, நமக்கு எங்கே வரப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் வாய் விட்டும் சொன்னேன்.

3

தாமு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்கு நடந்துபோய்ப் பஸ் பிடிப்பான். எண்பதுகளின் நடுவில் ஒரு ஏஜெண்ட் வந்து, தீவில் உரக் கம்பெனியில் மிஷின் பழுது பார்க்கிற வேலை, குடும்பத்தோடு குவார்ட்டர்ஸ் என்றான். தாமுவும் அவனோடு வேலை பார்த்த ஏழுமலையும் போனார்கள். பின்னால் என் மருமகள் செல்வியும், கவிதா வயிற்றில் இருந்ததால் துணைக்கு நானும் போனோம். மூன்று விமானம் மாறினோம். மீனம்பாக்கத்தில் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள். அப்போது எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

எழுத்து இங்கே வந்துதான் கற்றேன். கவிதா தமிழை மறக்கக் கூடாது என்று செல்வி ஊரிலிருந்து ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வரவழைத்தாள். பேத்தி அதைத் தொடவில்லை. படித்தது நான்.

கவிதா இங்கேயே பிறந்தவள். இந்த ஊர்ப் பாஷையும் இங்கிலீஷும் அவள் நாக்கில் ஓடும். தமிழ் வரும், ஆனால் வேண்டாத விருந்தாளி வருவதுபோல வரும். அவள் சிநேகிதிகள் வந்தால், "ஆயா, ப்ளீஸ், கத்திப் பேசாதே" என்பாள். நான் கத்தவில்லை. நம் ஊர் வயலில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிய தொண்டை, அவ்வளவுதான்.

4

தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

மழை பெய்தால் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்போம். கூரையெல்லாம் உரப் பொடி படிந்திருக்கும், முதல் மழையை வழிய விட்டுவிடவேண்டும். மழை இல்லாவிட்டால் தண்ணீர் கப்பலில் வரும். ஆமாம், கப்பலில். உரம் ஏற்ற வருகிற கப்பல் சும்மா வராமல் வேறு நாட்டுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். இங்கே கப்பல் கரையை ஒட்டவும் முடியாது, தூரத்தில் கட்டி வைப்பார்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தண்ணீர் நிற்கும், குடிக்க முடியாது.

தாமு இறந்த வருஷம் பெரிய வறட்சி. குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு இத்தனை வாளி என்று லாரியில் அளந்து ஊற்றினார்கள். கக்கூசுக்குக் கடல் தண்ணீர்க் குழாய். குளிக்கக் கடல். குடிக்கவும் பொங்கவும் மட்டும் அந்த அளவுத் தண்ணீர். நமக்கு இது புதிது. ஏரிக்குக் கீழே மதகு திறந்தால் தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடும், வாய் கொப்பளித்துத் துப்பவும் கணக்குப் பார்க்காத ஊரில் பிறந்தவள் நான்.

எங்கள் வீட்டுத் தொட்டி மட்டும் மற்ற வீடுகளுக்கு முன்னாலேயே வற்றியது. பக்கத்து வரிசையில் யாரோ கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் தாளும் பென்சிலுமாக வந்தார். தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்தார். எத்தனை பேர், எத்தனை வேளை, துணி துவைக்கிறீர்களா என்று ஏழுமலையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாடா ஏழுமலே, நாங்க திருட்றோம்னு சொல்றாரா?"

"இல்லமா. தொட்டி சீக்கிரம் காலியாவுதாம், அதான் விசாரிக்கறாரு."

"செம்பரம்பாக்கத்துக்காரி தண்ணி திருட மாட்டான்னு சொல்லு. அப்டியே சொல்லு."

ஏழுமலை என்ன சொன்னானோ. அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். இந்த முறை எச்சரிக்கை, அடுத்த முறை தாமுவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது இந்தத் தாளும் சேர்ந்து போகும் என்று ஏழுமலை பிறகு சொன்னான். எதிர் வாசலில் நாலு பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை என்னால் விழுங்க முடியவில்லை.

தொட்டி ஏன் வற்றியது என்று எனக்குத் தெரியும். தாமு குடித்தான்.

5

ஷிப்ட் முடிந்து வருவான். வாசலிலேயே, "மா, தண்ணி" என்பான். சொம்பு சொம்பாகக் குடிப்பான். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பான். தண்ணீர் தீர்ந்தால் கலர் டப்பா. அது கடையில் தாராளமாகக் கிடைத்தது. தண்ணீருக்குத்தான் அளவு, கலருக்கு அளவில்லை. நானே அட்டைப் பெட்டியோடு வாங்கி வைத்தேன். மிஷின் சூட்டில் வேலை செய்கிற பிள்ளை, இனிப்பாக இரண்டு மடக்கு உள்ளே போனால் தெம்பு வரும் என்று நினைத்தேன். என் பங்குத் தண்ணீரையும் அவனுக்கே வைத்தேன். பத்து நாள் தலைக்கு ஊற்றாமல் கடலில் முழுகிவிட்டு வந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

நாடே தாகத்தில் கிடந்தது. எல்லோரும் தண்ணீர் தண்ணீர் என்றார்கள். அதில் ஒருவனுடைய தாகம் மட்டும் வேறு என்று யார் கண்டார்கள்?

நம் ஊராக இருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். இதை யோசித்து யோசித்து எனக்கு மூளை தேய்ந்துவிட்டது. நம் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் வேலி ஓரம் ஒதுங்குவார்கள். ஒதுங்கின இடத்தில் எறும்பு மொய்த்தால் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்துவிடும், இந்த ஆளுக்குச் சிறுநீரில் இனிப்பு இறங்குகிறது என்று. என் மாமனாருக்கு அப்படித்தான் நான் கண்டு சொன்னேன். இங்கே வீட்டுக்குள்ளேயே கக்கூசு, சங்கிலியை இழுத்தால் கடல் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். எறும்புக்கு வேலையே இல்லை.

தாமு இளைத்தான். இடுப்புப் பேன்ட்டைக் கயிற்றால் கட்டினான். "இன்னாடா, ஹீரோ மாதிரி ஆயிட்டு வர்ற" என்று ஏழுமலை கிண்டல் செய்தான். வலது காலில் இரும்புத் துண்டு கிழித்த காயம் இருபது நாளாகியும் ஆறவில்லை. காய்ச்சல் அடித்ததும் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருந்த மருந்தறைக்கு நானும் ஏழுமலையும் அழைத்துப் போனோம். செல்வி பிள்ளையோடு வீட்டில் இருந்தாள்.

அங்கே இருந்தவர் இந்த ஊர்க்காரர், பெரிய மனிதர், காதில் பூ செருகியிருந்தார். அவரும் வெள்ளைச் சட்டை. அவர் கையிலும் தாள், பென்சில். காயத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "யம்மா, தாமு ரொம்ப தண்ணி குடிக்கறானான்னு கேக்கறாரு."

"எதுக்குக் கேக்கறாராம்?"

"தெர்லமா. தாள்ல கீது போல, கேக்கறாரு."

தண்ணீர் அளக்க வந்தவர் போய் நாலு நாள்கூட ஆகவில்லை. தாளும் பென்சிலும் வைத்திருக்கிற வெள்ளைச் சட்டை எல்லாம் எனக்கு ஒரே ஆள்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க ஊட்ல யாரும் அளவுக்கு மேல தண்ணி குடிக்கறதில்லன்னு சொல்லு."

ஏழுமலை தயங்கினான். தன் வீட்டுத் தண்ணீரிலிருந்து இரண்டு முறை குடம் கொண்டுவந்து தாமுவுக்குக் கொடுத்தவன் அவன். "யம்மா…" என்றான்.

"சொல்றா."

சொன்னான். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறானா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டார். மாமனார் ஞாபகம் வந்தது. உழைத்துச் சாப்பிடுகிற குடும்பம், அப்படி ஒன்றும் கிடையாது என்றேன்.

தாமு என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தான். நாலு பேர் நடுவில் பெற்றவளைப் பொய்க்காரி ஆக்கவேண்டாம் என்று நினைத்தானா, கான்ட்ராக்ட் போய்விடும் என்று பயந்தானா, பேசத் தெம்பு இல்லையா, தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை. மருந்தறைக்காரர் நான் சொன்னபடி மூன்று இடத்தில் ஒரே மாதிரி கோடு போட்டார். காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்டார்.

ஆறாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பினவன் வாசற்படியிலேயே சரிந்தான். மூச்சில் பழுத்த பழத்தின் வாடை அடித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ரத்தத்தைப் பார்த்த உடனே சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குள் கண் திறக்காத நிலைக்குப் போய்விட்டான். மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயசு.

6

ஊருக்கு எடுத்துப்போக முடியவில்லை. விமானம் மாறி மாறிப் போகவேண்டும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள் வேண்டும், தாள் வருகிற வரை உடம்பு தாங்காது என்றார்கள். இங்கேயே கடலோரத்தில் அடக்கம் செய்தோம். மண்வெட்டியால் குழி தோண்ட இங்கே மண் கிடையாது. ஒரு முழத்துக்குக் கீழே பாறை. தாமு பழுது பார்த்த அதே மிஷினை அவன் கூட்டாளிகள் கொண்டுவந்து பாறையை உடைத்தார்கள். நாலு தெருவுக்குக் கேட்கிற சத்தத்தோடு என் மகனுக்குக் குழி வெட்டினார்கள்.

மூன்று பிடி மண் போடவேண்டும் இல்லையா? அள்ளினால் வெள்ளைக் கல் பொடிதான் வந்தது. நம் வயலில் நான் இறைத்த அதே பொடி. அதைத்தான் போட்டேன்.

மறுநாள் பால் தெளிக்க மாடு ஏது? பால்மாவுதான். கரைக்கத் தண்ணீர் வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டுத் தொட்டி வற்றவே இல்லை.

கம்பெனி செல்விக்கு மெஸ்ஸில் சமையல் வேலை கொடுத்தது. வருஷா வருஷம் தங்குவதற்குத் தாள் புதுப்பிக்கவேண்டும். என் தாளில் வந்தது சிக்கல். நான் யாரைச் சார்ந்தவள் என்று கட்டம் போட்டிருந்தது. மகன் இல்லை. புருஷன், பிள்ளை, பெற்றவர் என்று கட்டம் உண்டு, மாமியார் என்று அந்தத் தாளில் கட்டமே இல்லை. ஆபீஸ் பெண் பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

செல்வி, "மதர்" என்றாள்.

"யுவர் மதர்?"

"எஸ். மை மதர்."

அன்றிலிருந்து இந்த நாட்டுக் கணக்கில் நான் செல்விக்குத் தாய். ஏழுமலை ஊருக்குத் திரும்பின பிறகு, மருந்தறையில் நான் சொன்ன வார்த்தை என்னைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். செல்வி ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. ஆறு வருஷம் அந்த வசதியில் சோறு தின்றேன்.

7

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இப்போது வறட்சி இல்லை. மழை பெய்து தொட்டி நிரம்பியிருக்கிறது. அப்படியும் கவிதா நாலு தம்ளர் குடித்தாள். புதன்கிழமையும் அப்படியே. அவளுடைய பள்ளிக்கூடத்துப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன். ஒரு பழைய டப்பாவைக் கையில் கொடுத்து, இதில் ஒன்றுக்குப் போய்க் கொண்டுவா என்றேன். முகம் சிவந்துவிட்டது.

"ச்சீ! ஆயா, நீ பைத்தியமா? எதுக்கு?"

"கேக்காத. புடிச்சாந்து குடு."

"நான் மாட்டேன். யாருன்னா பாத்தா? மை காட், ஸ்கூல்ல சொல்வாங்க."

"யார்னா பாத்தா ஆயாவோடதுன்னு சொல்றேன். போடி."

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். அதைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு ஓரமாக ஊற்றினேன். இன்னொரு பக்கம் வெறும் தண்ணீர் ஒரு கை ஊற்றினேன். மூன்றாவதாக ஒரு சிட்டிகை சர்க்கரை. இந்தக் கல் பூமியில் எறும்பு இருக்கிறதா என்றே எனக்கு நிச்சயம் இல்லை. சர்க்கரைக்கும் வராவிட்டால் என் வைத்தியம் இங்கே செல்லாது என்று தெரிந்துகொள்ளலாம் இல்லையா?

துணிக் கல் மேல் உட்கார்ந்தேன். முதலில் சர்க்கரைக்கு வந்தது. மஞ்சள் எறும்பு, மெலிசாக, காலும் மீசையும் நீளமாக. வரிசை கட்டிற்று. தண்ணீர் ஊற்றின இடம் காய்ந்தது, ஒன்றும் வரவில்லை. கவிதாவின் இடமும் காய்ந்தது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்த வரிசையிலிருந்து ஒன்று பிரிந்து நின்றது. மீசையை ஆட்டிற்று. திரும்பிற்று. அதன் பின்னால் இன்னொன்று. செல்வி மெஸ்ஸிலிருந்து வந்து, "இன்னா அத்தே, இங்க வந்து குந்திகினு கீறீங்க?" என்று கேட்கும்போது, மூன்றில் இரண்டு இடம் மஞ்சளாக இருந்தது.

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவளும் நூம்பல் பெண்தான். விளக்கிச் சொல்லவேண்டியது இல்லை.

8

மறுநாள் காலை மூன்று பேரும் அதே மருந்தறைக்குப் போனோம். அதே மனிதர்தான். தலை நரைத்திருந்தது, காதில் பூ இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவருடைய தாளைக்கூடத் தெரிந்தது.

அவர் கவிதாவிடமே கேட்டார். இந்த முறை நடுவில் ஏழுமலை தேவையில்லை. அவள் இந்த ஊர்ப் பாஷையிலேயே பதில் சொன்னாள். அவர் இங்கிலீஷில் மறுபடி கேட்டார்.

"இன்னாடி கேக்கறாரு?"

"நான் நெறைய தண்ணி குடிக்கறேனான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"நோ சொன்னேன்."

"ஏன்டி?"

கவிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகை நேராக வைத்து, கழுத்தைத் தூக்கி. "நம்ம வீட்ல யாருக்கும் சிக்னஸ் இல்ல, ஆயா. இங்க இருக்கறவங்களுக்குத்தான் வரும். நீதானே சொல்வே?"

அவர் பென்சில் முனையைத் தாளில் வைத்துவிட்டார். கோடு இன்னும் இழுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவும் அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது.

"நோ இல்ல சார். எஸ். வாட்டர், மெனி வாட்டர். எவ்ரி டே." விரலை விட்டுத் தம்ளர் கணக்கைக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டு, "பிஃபோர், மை சன். சேம் வாட்டர். ஐ டோல்ட் நோ. ஹியர்" என்று அந்த மேசையைத் தட்டினேன். "ஹீ டெட்."

செல்வி பக்கத்திலேயே நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அவர் பென்சிலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். பிறகு எழுதினார். கவிதாவின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். அங்கிருந்தே வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சர்க்கரைதான். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். இனி ஆயுசுக்கும் ஊசி. அவளுக்கு வயசு பதினொன்று.

திரும்பி வரும்போது வட்ட ரோட்டில் கவிதா எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள். எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன், அந்தக் கோபம். நான் செல்வியிடம் வாயைத் திறந்தேன்.

"செல்வி, தாமு கால் புண்ணுக்குப் போனப்ப…"

"தெரியும் அத்தே."

"இன்னா தெரியும்?"

"ஏழுமலை அண்ணன் ஊருக்குப் போறப்பவே சொல்லிட்டுத்தான் போனாரு."

கடல் பக்கம் ஒரு கப்பல் நின்றிருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டேன். "அப்பவே என்னெ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. நான் மெஸ்ஸுக்குப் போனா கொழந்தைய யாரு பாப்பா?" என்றாள். அவள் குரலில் மன்னிப்பு இல்லை, கோபமும் இல்லை. சமையலுக்கு எத்தனை படி அரிசி என்று சொல்கிற குரல்.

இதுதான் நான் இருக்கிற தீவு. தங்கை மகன் கேட்டதற்கு எழுதிவிட்டேன். நெஞ்சுவலி என்று எழுதிய கடிதத்தை யாராவது வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள்.

செல்வி விடிந்தும் விடியாமலும் மெஸ்ஸுக்குப் போய்விடுவதால் காலை ஊசி என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பழக்கினார்கள். ஊசிக் குழாயில் சின்னச் சின்னக் கோடுகள், கோட்டுக்குப் பக்கத்தில் எண். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்து, எண்ணை வாய்விட்டு இரண்டு முறை படித்த பிறகுதான் குத்துகிறேன். கவிதா இன்னும் என்னோடு பேசவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறாள். நேற்று நான் ஒரு தடவைதான் படித்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள்.

படித்தேன்.